விண்மீன் மறைப்பும் யுரேனசின் வளையங்களும்

வானத்திலே ஒரு பொருள் பிறிதொரு பொருளின் முன்னே வந்து அதன் ஒளியைத் தடுத்தல் புதுமையான நிகழ்ச்சி அன்று. சூரியனைச் சந்திரன் மறைப்பதைச் சூரிய கிரகணம் என்று சிறுவரும் அறிவர். சந்திரன் திங்கள்தோறும் நாண்மீன்களினூடே செல்லும்போது உரோகிணி, மகம், சித்திரை, கேட்டை ஆகியவற்றின் முதன்மையான விண்மீன்களைச் சில ஆண்டுகளில் முற்றாக மறைப்பதும் உண்டு. ஒளிர்ந்துகொண்டிருந்த மீன் சந்திரனது விளிம்பை எய்தியவுடன் விளக்கை அவித்தாற்போல மறையும். சிறிது நேரங்கழிய மறுபக்கத்திலே தோன்றும். இதனை வானநூலார் விண்மீன் மறைப்பு என்பர். சந்திரனைப்போலவே கோள்களும், உபகோள்களும், சிறுகோள்களும், ஞாயிற்றுத் தொகுதியின் எல்லைப்புறத்தில் உலாவும் பனியுருண்டைகளும் தத்தம் பாதையிற் செல்லுங்கால் ஏதேனும் ஒரு விண்மீனை மறைத்தல் கூடும். கண நேரத்தில் நிகழ்ந்து மறையும் இந்நிகழ்ச்சி, பேரளவான தொலைகாட்டிகளும் காட்டமாட்டாத செய்திகளை வெளிப்படுத்தும் ஆற்றல் வாய்ந்தது. அது எவ்வாறு இயலும் என்பதையும், தமிழ்நாட்டின் மலையொன்றிலிருந்து செய்யப்பட்ட அவதானம் ஒன்று உலகுக்கு என்ன கற்பித்தது என்பதையும், கண்டியும் அதன் சுற்றுப்புறமும் இம்முயற்சியிற் பெறக்கூடிய இடம் யாது என்பதையும் இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

முதலிலே தொலைகாட்டியின் எல்லையை அறிதல் வேண்டும். யுரேனசு சூரியனிலிருந்து ஏறத்தாழ 287 கோடி கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது. புவிக்கு மிக அணித்தாக வரும்பொழுதும் அது 260 அல்லது 270 கோடி கிலோமீற்றருக்கு அப்பாலேயே நிற்கும். அத்துணைத் தொலைவில் ஒரு கிலோமீற்றர் அகலமான பொருள் எவ்வளவு சிறிதாகத் தோன்றும்? யாழ்ப்பாணத்திலே ஒருவர் ஒரு தலைமயிரை நீட்டிப் பிடிக்க, அதன் தடிப்பைக் கண்டியில் நின்று காண முயல்வதை ஒக்கும் அது. இரண்டு நகரங்களுக்கும் இடையிலுள்ள நேர்தூரம் ஏறத்தாழ 270 கிலோமீற்றர். தலைமயிரின் தடிப்போ ஒரு மில்லிமீற்றரிற் பத்திலொரு பங்கு. இவ்விரண்டையும் வகுத்துப் பார்ப்போர் கணக்குப் பொருந்துவதைக் காண்பர். எத்துணைப் பெரிய ஆடியைப் பொருத்தினும், புவியின் வளிமண்டலம் ஒளியைக் கலக்கிவிடுவதால் இத்தகைய நுண்மையை நேரே காண்டல் அரிது.

மறைப்பு இவ்விடர்ப்பாட்டை வேறொரு வழியாற் கடக்கின்றது. விண்மீன்கள் அளவிறந்த தூரத்தில் இருப்பதால் அவற்றிலிருந்து வரும் ஒளிக்கதிர்கள் ஒன்றுக்கொன்று சமாந்தரமாகவே புவியை வந்து அடைகின்றன. இடையிலே ஒரு கோள் குறுக்கிட்டால், அக்கோளின் வடிவத்தையும் பருமனையும் உடைய நிழல் ஒன்று புவியின்மீது விழும். சூரிய கிரகணத்தில் விழும் நிழல் கூம்பு வடிவாய்ச் சுருங்கும். விண்மீன் தரும் நிழல் அவ்வாறு சுருங்குவதில்லை. நூறு கிலோமீற்றர் விட்டமுள்ள பொருளின் நிழலும் நூறு கிலோமீற்றர் விட்டமுடையதேயாம். கோளும் புவியும் தத்தம் பாதையிற் செல்லுதலால் அந்நிழல் செக்கனுக்குப் பத்து முதல் முப்பது கிலோமீற்றர் வரையான வேகத்திற் புவியின் மேற்பரப்பைக் கடந்து ஓடும். நிழலின் பாதையில் நிற்பவருக்கே விண்மீன் மறையும். பாதைக்குப் புறத்தே நிற்பவருக்கு அது மாறாது ஒளிர்ந்துகொண்டிருக்கும். 2019ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி நிகழ்ந்த சூரிய கிரகணத்தின்போது யாழ்ப்பாணத்தார் கங்கணம்போன்ற ஒளிவளையத்தைக் கண்டனர். கண்டியிலுள்ளார்க்குச் சூரியன் பிறைபோலக் குறைந்து தோன்றியதேயன்றி வளையம் தோன்றவில்லை. இடம் மாறக் காட்சியும் மாறுதல் இத்தகைய நிகழ்ச்சிகளின் இயல்பு. இம்மாற்றத்தையே வானநூலார் அளவுகோலாகக் கொள்கின்றனர்.

இதனை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். 120 கிலோமீற்றர் விட்டமுள்ள உருண்டையான பனிப்பொருள் ஒன்றின் நிழல், செக்கனுக்கு 24 கிலோமீற்றர் வேகத்திற் கிழக்கிலிருந்து மேற்காக மத்திய மலைநாட்டைக் கடக்கின்றது என்றும், நிழலின் நடுக்கோடு கண்டி நகரின்மேற் செல்கின்றது என்றும் வைத்துக்கொள்க. தம்புள்ளை, மாத்தளை, கண்டி, நாவலப்பிட்டி, அற்றன் ஆகிய ஐந்து ஊர்களிலும் ஐந்து குழுவினர் தொலைகாட்டியும் நேரங்காட்டியும் கொண்டு காத்திருக்கின்றனர். கண்டியில் உள்ளார்க்கு விண்மீன் ஐந்து செக்கன்கள் மறைந்திருக்கும். அங்கிருந்து வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீற்றரில் உள்ள மாத்தளையில் 4.7 செக்கன்களும், தெற்கே 26 கிலோமீற்றரில் உள்ள நாவலப்பிட்டியில் 4.5 செக்கன்களும், 44 கிலோமீற்றரில் உள்ள அற்றனில் 3.4 செக்கன்களும் மறைப்பு நீடிக்கும். வடக்கே 63 கிலோமீற்றரில் உள்ள தம்புள்ளையில் விண்மீன் மறையவே மாட்டாது. ஒவ்வொரு குழுவினரும் கண்ட நேரத்தை நிழலின் வேகத்தாற் பெருக்கினால் அப்பொருளை ஊடறுக்கும் ஒவ்வொரு நாணின் நீளம் கிடைக்கும். நாண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, அவற்றின் முனைகளை இணைத்தால் வட்டம் உருவாகும். கேத்திரகணிதத்திலே நாணையும் வட்டத்தையும் பற்றிக் கற்ற மாணவன் எவனும் இக்கணக்கைச் செய்துவிடலாம்.

இவ்வுதாரணத்திற் கருதத்தக்க செய்தி மற்றொன்றும் உண்டு. தம்புள்ளைக் குழுவினர் ஒன்றையும் காணவில்லை; ஆயினும் அவர்களுடைய இரவு வீணாகவில்லை. வடக்கே நிழல் எங்கே முடிந்தது என்பதற்கு எல்லை வகுத்தவர் அவர்களே. ‘விண்மீன் மறையவில்லை’ என்று கருத்தாகக் குறித்துவைத்தலும் ஓர் அவதானமே. மாறாக, கண்டிக் குழுவினர் மட்டுமே கண்டிருப்பின், அவர்களுக்குக் கிடைப்பது ஒரேயொரு நாண். ஒரு நாணைக்கொண்டு எண்ணிறந்த வட்டங்களை வரையலாம். எது உண்மையான வட்டம் என்று துணிதல் ஒண்ணாது. ஒரு நாணின் போதாமை பற்றிய இவ்வுண்மை பின்னர்க் கூறப்படும் வரலாற்றிலே பெரும்பங்கு வகித்தது.

மறைப்பு நிகழும் முறையும் பல செய்திகளைத் தரும். மறைக்கும் பொருளுக்கு வளிமண்டலம் இல்லையாயின் விண்மீனின் ஒளி திடீரென்று அற்றுப்போகும். வளிமண்டலம் உண்டாயின், அதனூடே வரும் ஒளி முறிந்து பரவுதலால் விண்மீன் படிப்படியாக மங்கி மறையும். படிப்படியாகவே மீண்டும் தோன்றும். மங்கும் வேகத்திலிருந்து அவ்வளியின் அமுக்கத்தையும் வெப்பநிலையையும் கணிக்கலாம். கோளுக்கு வளையம் இருந்தால், கோள் மறைப்பதற்கு முன்னும் பின்னும் சிறு சிறு மறைப்புக்கள் தோன்றும். இவற்றையெல்லாம் கண்ணாற் கண்டு குறித்தல் இயலாது. விண்மீனின் ஒளியை மின்னோட்டமாக மாற்றும் ஒளிமானியைத் தொலைகாட்டியிற் பொருத்தி, ஒரு செக்கனைப் பல கூறுகளாக்கி ஒளியின் அளவைப் பதிவுசெய்தல் வேண்டும். அவ்வாறு பெறப்படும் வரைபையே ஒளிவளையி என்பர்.

தமிழ்நாட்டிலே வட ஆர்க்காட்டுப் பகுதியைச் சேர்ந்த சவ்வாது மலையிற் காவலூர் என்னும் சிற்றூர் உள்ளது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீற்றர் உயரத்திற் சந்தனமரக் காடுகளின் நடுவே அமைந்த அவ்விடத்தை வானாய்வகத்துக்குத் தெரிவுசெய்தவர் மணாலி கல்லாட் வைணு பாப்பு என்னும் அறிஞர். 1968ஆம் ஆண்டளவில் அங்கு முதலாவது தொலைகாட்டி இயங்கத் தொடங்கியது. 1972ஆம் ஆண்டிலே யேர்மனியின் சைசு நிறுவனத்தார் செய்த, ஒரு மீற்றர் விட்டமுள்ள ஆடியையுடைய தொலைகாட்டி நிறுவப்பட்டது. அவ்வாண்டு யூன் 7ஆம் திகதி வியாழனின் உபகோளாகிய கனிமீடு ஒரு விண்மீனை மறைத்தது. காவலூரிலும் இந்தோனேசியாவின் இலெம்பாங்கிலும் அந்நிகழ்ச்சி பதிவுசெய்யப்பட்டது. அப்பதிவுகளிலிருந்து கனிமீட்டின் விட்டம் 5,270 கிலோமீற்றர் அளவினது என்று கணிக்கப்பட்டது. இக்கணிப்பு இன்றைய அளவுக்கு மிக அணித்தானது. ஆனால், ஒளி மறைந்த முறையை நோக்கிய அறிஞர் கனிமீட்டுக்கு மெல்லிய வளிமண்டலம் உண்டென்றும் கருதினர். 1979ஆம் ஆண்டில் வொயேசர் விண்கலம் அருகே சென்று ஆராய்ந்தபொழுது அவர்கள் கருதிய அளவுக்கு அங்கே வளி இல்லை என்பது தெளிவாயிற்று. ஓர் ஒளிவளையி விட்டத்தைச் செவ்வனே கூறியது. வளிமண்டலத்தைப் பற்றி அதனிடம் கேட்ட வினாவோ அதன் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதாயிருந்தது.

அதற்கு ஐந்தாண்டுகளின் பின்னர் வந்தது யுரேனசின் மறைப்பு. துலா இராசியிலுள்ள, கண்ணுக்குத் தெரியாத மங்கலான விண்மீன் ஒன்றை 1977ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் திகதி யுரேனசு மறைக்கும் என்று இங்கிலாந்தின் கிரீனிச் வானாய்வகத்தைச் சேர்ந்த கோர்டன் தெயிலர் 1973ஆம் ஆண்டிலேயே முன்னறிவித்திருந்தார். யுரேனசின் விட்டத்தையும் மேல்வளிமண்டலத்தின் வெப்பநிலையையும் அறிவதற்கு இது கிடைத்தற்கரிய வாய்ப்பு என்று பல நாட்டாரும் ஆயத்தஞ் செய்தனர். அக்கோளுக்கு வளையம் இருக்கலாம் என்பது அவர்களுடைய நோக்கத்திலேயே இருக்கவில்லை. பதினேழாம் நூற்றாண்டிலே ஐகன்சு என்பார் சனியைச் சூழ்ந்த வளையத்தை விளக்கிய காலந்தொட்டு, வளையம் என்பது சனிக்கு மாத்திரம் உரிய அணிகலன் என்றே உலகம் எண்ணியிருந்தது.

முன்னறிவிப்பிலே ஒரு பெருஞ் சிக்கல் இருந்தது. வானத்திலே ஒரு வில்செக்கன் என்பது மிகச் சிறிய கோணம். ஆனால் யுரேனசு நிற்கும் தூரத்தில் அச்சிறு கோணம் 13,000 கிலோமீற்றருக்குச் சமம். அஃதாவது புவியின் விட்டத்தினும் சற்று மிகுதியானது. விண்மீனின் இடத்தையோ கோளின் இடத்தையோ கணிப்பதில் ஒரு வில்செக்கன் வழு நேர்ந்தால் நிழல் புவியையே விட்டு விலகிப் போய்விடலாம். ஆகவே நிழற்பாதை எவ்விடத்திற் செல்லும் என்றும், எந்நேரத்திற் செல்லும் என்றும் இறுதிவரை ஐயம் நிலவியது. இவ்வையத்தை வெல்லும்பொருட்டு அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சேமிசு எலியட், எட்வேட் டன்காம், டக்ளசு மிங்கு ஆகிய மூவரும் கைப்பர் பறக்கும் வானாய்வகத்தை நாடினர். 91 சதமமீற்றர் தொலைகாட்டியைத் தாங்கிய அவ்விமானம் அவுசுத்திரேலியாவின் பேர்த் நகரிலிருந்து புறப்பட்டு, தென் இந்து சமுத்திரத்தின்மேல், முகில்களுக்கு மேலாகப் பறந்தது. பேர்த் நகரிலும், தென்னாபிரிக்காவிலும், இந்தியாவிற் காவலூரிலும் நைனிதாலிலும் நிலத்திலிருந்து நோக்குவோர் காத்திருந்தனர்.

யுரேனசின் ஒளியோ விண்மீனின் ஒளியைப்போலப் பதினைந்து மடங்குக்கு மேற்பட்டது. இரண்டும் அருகருகே நிற்கையில் விண்மீனின் ஒளி குறைவதைப் பிரித்தறிதல், பெரிய தீவட்டியின் அருகே எரியும் அகல்விளக்கு அணைவதை அறிவதுபோலக் கடினமானது. ஆனால் யுரேனசின் வளிமண்டலத்திலுள்ள மெதேன் வாயு செந்நிற ஒளியையும் அதற்கு அப்பாற்பட்ட ஒளியையும் மிகுதியாக உறிஞ்சிவிடும் இயல்பினது. அவ்வொளியை மாத்திரம் செல்லவிடும் வடிகட்டியைப் பொருத்தினால் கோள் மங்கும். செந்நிறமான விண்மீன் விளங்கித் தோன்றும். இவ்வுபாயமே அன்றைய இரவிற் பயன்பட்டது.

நிகழ்ச்சியின் நேரம் உறுதியில்லாமையால், விமானத்திலிருந்தோர் கணிக்கப்பட்ட நேரத்துக்கு முக்கால் மணி அளவு முன்னதாகவே பதிவுகருவியை இயக்கிவிட்டனர். இம்முன்னேற்பாடே பெரும்பேற்றைத் தந்தது. கோள் விண்மீனை நெருங்குமுன் ஒளி திடீரென்று குறைந்து சில செக்கன்களில் மீண்டும் உயர்ந்தது. முகிலோ, கருவியின் கோளாறோ என்று ஐயுற்றிருக்கும்பொழுதே மீண்டும் குறைந்தது. இவ்வாறு ஐந்து முறை நிகழ்ந்தது. பின்னர்க் கோள் விண்மீனை ஏறத்தாழ இருபத்தைந்து நிமிடம் மறைத்தது. கோளின் மறுபுறத்தே விண்மீன் வெளிப்பட்ட பின்னரும் பதிவு நிறுத்தப்படவில்லை. அப்பொழுதும் ஐந்து குறைவுகள் தோன்றின.

காவலூரில் ஒரு மீற்றர் தொலைகாட்டியோடு விழித்திருந்தவர்கள் சே. சி. பட்டாச்சாரியாவும் கே. குப்புசாமியும் ஆவர். கிரீனிச் நேரப்படி 10ஆம் திகதியாயினும் இந்தியாவிலும் இலங்கையிலும் அப்பொழுது 11ஆம் திகதி நள்ளிரவு கழிந்த பொழுது. கோளின் நிழற்பாதை தெற்கே நெடுந்தூரத்திற் சென்றமையால் யுரேனசு விண்மீனை மறைக்கும் காட்சி காவலூருக்குக் கிட்டவில்லை. ஆனால் விண்மீனின் ஒளி சில செக்கன்கள் குறைந்து மீண்டதை அவர்களுடைய ஒளிமானி தெளிவாகப் பதிவுசெய்தது. நிழலின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 12 கிலோமீற்றர். ஆகவே மறைத்த பொருளின் குறுக்களவு நூறு கிலோமீற்றரை அண்டியதாதல் வேண்டும். யுரேனசுக்கு அக்காலத்தில் அறியப்பட்டிருந்த உபகோள்கள் ஐந்து. அவற்றுள் எதுவும் அவ்விடத்தில் இல்லை. எனவே இதுகாறும் அறியப்படாத உபகோள் ஒன்றே மறைத்தது என்று அவர்கள் துணிந்து, ‘நேச்சர்’ என்னும் ஆங்கில விஞ்ஞான இதழில் 1977ஆம் ஆண்டிலேயே வெளியிட்டனர்.

எலியட் குழுவினரும் முதலில் வளையம் என்று துணியவில்லை. சிறு உபகோள்களின் கூட்டமாக இருக்கலாம் என்றே எண்ணினர். ஆனால் அவர்களிடம் கோளுக்கு முன்னே ஐந்தும் பின்னே ஐந்துமாகப் பத்துக் குறைவுகள் இருந்தன. கோளின் நடுவிலிருந்து அவை நிகழ்ந்த தூரங்களை ஒப்புநோக்கியபொழுது, முன்னே தோன்றிய நான்கும் பின்னே தோன்றிய நான்கோடு இணையிணையாகப் பொருந்தின. இருபுறத்தும் ஒரே தூரத்தில் உபகோள்கள் தற்செயலாக வந்து நிற்குமோ? நிற்குமாயினும் நான்கு இணைகளும் அவ்வாறு அமையுமோ? கோளைச் சுற்றிச் செல்லும் வளையங்கள் என்று கொள்வதே பொருத்தமாயிற்று. அல்பா, பீற்றா, காமா, டெல்ற்றா, எப்சிலன் எனக் கிரேக்க எழுத்துக்களால் அவை பெயர் பெற்றன. புறத்தேயுள்ள ஐந்தாவதாகிய எப்சிலன் மாத்திரம் இருபுறத்தும் சிறிது வேறுபட்ட தூரத்தில் அமைந்தது. அதன் காரணம், அது வட்டமாக இராது நீள்வட்டமாக இருத்தலே என்பது பின்னர் விளங்கியது. அதன் அகலம் இடத்துக்கிடம் 20 கிலோமீற்றர் முதல் 100 கிலோமீற்றர் வரை வேறுபடும். ஏனையவை ஒருசில கிலோமீற்றர் அகலமே உடையன.

இச்செய்தி பரவியபின் காவலூரின் பதிவும் புதிய பொருள் பெற்றது. அங்கே விண்மீனை மறைத்தது உபகோள் அன்று, எப்சிலன் வளையமே. பட்டாச்சாரியாவும் வைணு பாப்புவும் தம் பதிவுகளை மீள ஆராய்ந்து, யுரேனசின் வளையத் தொகுதி பற்றிய கட்டுரையை அதே ஆண்டில் அதே இதழில் வெளியிட்டனர். காவலூரார் அளந்த நேரம் சரி, ஒளி குறைந்த அளவு சரி, குறுக்களவும் சரி. ‘இஃது உபகோள்’ என்னும் முடிபு ஒன்றே திருத்தத்துக்கு உரியதாயிற்று. ஒரேயொரு குறைவைக் கொண்டு உபகோளையும் வளையத்தையும் வேறுபிரித்தல், ஒரேயொரு நாணைக்கொண்டு வட்டத்தைத் துணிவதுபோல இயலாத காரியமே.

சைவ சித்தாந்த அளவையியலைக் கற்றோர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். காண்டல், கருதல், உரை என்னும் அளவைகளுள் காண்டலும் கருதலும் வெவ்வேறு. மலையிலே புகையைக் காண்டல் காட்சி. அங்கே தீ உண்டென்று கொள்ளுதல் கருதல். கருதல் பிழையாது அமைதற்குக் காரணமும் காரியமும் பிரிவின்றி இயைந்திருத்தல் வேண்டும். புகைக்கும் தீக்கும் உள்ள இயைபுபோல, கணநேர ஒளிக்குறைவுக்கும் உபகோளுக்கும் இயைபு இல்லை. வளையமும் அக்குறைவை உண்டாக்கும். ஆகவே ஏது ஐயத்துக்கு இடமானது. ஆயினும் காட்சியைக் கலப்பின்றிக் குறித்துவைத்த காரணத்தால், கருதல் மாறியபோதும் காட்சி அழியாது நிலைத்தது. விஞ்ஞானத்திற் பதிவேட்டை முடிபினின்றும் வேறாக வைத்திருத்தலின் அவசியம் இதனாற் புலப்படும்.

இன்னொரு செய்தி கண்டியிலுள்ளாரின் சிந்தனைக்கு உரியது. எப்சிலன் வளையம் யுரேனசின் நடுவிலிருந்து ஏறத்தாழ 51,000 கிலோமீற்றரில் உள்ளது. அதன் நிழலின் முழுக் குறுக்களவு ஓரிலட்சம் கிலோமீற்றருக்கு மேல். புவியைப்போல எட்டு மடங்கு. ஆகவே அந்நிழல் புவியில் ஓரிடத்தைத் தொட்டு ஓரிடத்தை விடுத்துச் செல்லவில்லை. காவலூருக்கும் கண்டிக்கும் உள்ள தூரம் ஏறத்தாழ 620 கிலோமீற்றர். நிழலின் வேகத்தை நோக்க இஃது இரண்டொரு நிமிட வேறுபாட்டுக்குள் அடங்கும். காவலூரைக் கடந்த அதே நிழல் அந்தப் பின்னிரவில் அந்தானை மலையையும், பேராதனைப் பூங்காவையும், மகாவலியின் கரைகளையும், உறங்கிக்கொண்டிருந்த நகரத்தையும் கடந்து சென்றது. சூரிய குடும்பத்தின் அமைப்பைப் பற்றிய முந்நூறாண்டுக் கருத்தை மாற்றிய நிழல் அது.

யுரேனசின் வளையங்கள் 1978ஆம் ஆண்டளவில் ஒன்பதாகப் பெருகின. 1986 சனவரியில் வொயேசர் 2 விண்கலம் அருகே சென்று மேலும் இரண்டைக் கண்டது. எப்சிலன் வளையத்தின் இருமருங்கும் அதனைப் பரவவிடாது காக்கும் கோர்டீலியா, ஒபீலியா என்னும் இரு சிறு உபகோள்களையும் கண்டது. கபிள் விண்தொலைகாட்டியின் படங்களால் இன்னும் இரண்டு வளையங்கள் தெரியவர, தொகை பதின்மூன்று ஆயிற்று. நெப்தியூனின் வளையங்களும் முதன்முதல் மறைப்பினாலேயே அறியப்பட்டன. 1984ஆம் ஆண்டு யூலையிற் சில்லி நாட்டிலிருந்து நோக்கியோர் கோளின் ஒருபுறத்தில் மாத்திரம் ஒளி குறைந்ததைக் கண்டனர். வளையம் இடையிடையே அறுபட்டதோ என்னும் ஐயம் எழுந்தது. வளையம் முழுமையானதே என்பதையும், சில பகுதிகள் மாத்திரம் அடர்ந்து வில்போல் உள்ளன என்பதையும் 1989ஆம் ஆண்டில் வொயேசர் 2 தெளிவித்தது.

புளூட்டோவின் வரலாறு இதனினும் வியப்புடையது. 1988ஆம் ஆண்டு யூன் 9ஆம் திகதி புளூட்டோ ஒரு விண்மீனை மறைத்தபொழுது ஒளி படிப்படியாக மங்கியது. சூரியனிலிருந்து சராசரியாக 590 கோடி கிலோமீற்றர் தூரத்தில் உறைந்து கிடக்கும் அச்சிறு உலகுக்கும் வளிமண்டலம் உண்டென்பது அன்று உறுதியாயிற்று. புளூட்டோ 1989ஆம் ஆண்டில் சூரியனுக்கு மிக அணித்தாக வந்தபின் விலகிச் செல்கின்றது. விலக விலக வளி உறைந்து நிலத்தில் வீழும் என்று பலர் எதிர்பார்த்தனர். அதற்கு மாறாக, அடுத்த கால் நூற்றாண்டில் அமுக்கம் ஏறத்தாழ மூன்று மடங்காக உயர்ந்தது. கோடைக்காலத்தில் நண்பகல் கழிந்த பின்னரே வெம்மை மிகுவதுபோல, அங்குள்ள நைதரசன் பனிக்கட்டி சூரியவெப்பத்தைத் தாமதித்தே வெளிப்படுத்துகின்றது. 2020ஆம் ஆண்டு யூன் 6ஆம் திகதி நிகழ்ந்த மறைப்பை வட இந்தியாவின் தேவசுதல் என்னும் இடத்திலுள்ள 3.6 மீற்றர், 1.3 மீற்றர் தொலைகாட்டிகள் பதிவுசெய்தன. அமுக்கம் ஏறத்தாழ 12 மைக்குரோபார் என்பதும், 2015ஆம் ஆண்டுக்குப் பின் அவ்வளவில் உயராது நின்றது என்பதும் அதனாற் பெறப்பட்டன. கடல்மட்டத்தில் உள்ள காற்றின் அமுக்கத்தில் இஃது எண்பதினாயிரத்தில் ஒரு பங்களவே. இத்துணை நொய்ய காற்றை அத்துணைத் தொலைவிலிருந்து அளந்தது ஒரு விண்மீனின் மங்கலேயாகும்.

சிறிய பொருள்களும் இவ்வழியால் வெளிப்பட்டன. சனிக்கும் யுரேனசுக்கும் இடையே உலாவும், ஏறத்தாழ 250 கிலோமீற்றர் விட்டமுள்ள கரிக்கிலோ என்னும் பொருளுக்கு இரண்டு வளையங்கள் உண்டென்பது 2013ஆம் ஆண்டு யூன் 3ஆம் திகதி நிகழ்ந்த மறைப்பினால் அறியப்பட்டது. நெப்தியூனுக்கு அப்பாலுள்ள அவுமியாவின் வளையம் 2017ஆம் ஆண்டில் அறியப்பட்டது. அதே ஆண்டு யூலை 17ஆம் திகதி ஆர்சென்டீனாவிலே இருபதுக்கு மேற்பட்ட தொலைகாட்டிகளை வரிசையாக நிறுத்தி ஆரோகொத்து என்னும் மிகச் சிறு பொருளின் நிழலைப் பிடித்தனர். ஐந்து தொலைகாட்டிகளுக்கே நிழல் அகப்பட்டது. அவற்றின் நாண்களை அடுக்கியபொழுது இரண்டு உருண்டைகள் ஒட்டியதுபோன்ற வடிவம் தோன்றியது. 2019ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி நியூ கொறைசன்சு விண்கலம் அருகே சென்று எடுத்த படம் அவ்வடிவத்தை மெய்ப்பித்தது. மத்திய மலைநாட்டின் ஐந்து ஊர்களைக் கொண்டு மேலே கூறிய உதாரணம் வெறுங் கற்பனையன்று என்பதற்கு இது சான்று.

இத்தகைய அவதானத்துக்குக் கண்டிப் பிரதேசம் எத்துணைப் பொருத்தமானது? நன்மைகளும் இடையூறுகளும் கலந்தேயுள்ளன. வடக்கு 7 பாகை அகலாங்கில் இருத்தலால் வடவானமும் தென்வானமும் இங்கிருந்து ஒருங்கே தோன்றும். கோள்கள் செல்லும் பாதை உச்சிக்கு அணித்தாகவே அமையும். ஆனால் அந்தானைத் தொடரும் நக்கிள்சுத் தொடரும் அடிவானத்தை மறைப்பன. மகாவலியின் பள்ளத்தாக்கிலே பின்னிரவில் மூடுபனி எழும். தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் செத்தெம்பர் வரையும், வடகீழ்ப் பருவக்காற்று ஆண்டின் இறுதியிலும் முகிலைக் கொணரும். இடையிலுள்ள சனவரிப் பிற்பகுதி முதல் மார்ச்சு வரையான காலமே தெளிந்த இரவுகளுக்குப் பெரிதும் உரியது. யுரேனசின் மறைப்பு நிகழ்ந்ததும் அத்தகைய மார்ச்சு மாதத்திலேயே. முகிலுக்கு அஞ்சுவோர் ஒரே இடத்திற் கூடாது, மாத்தளை, தெல்தெனியா, கம்பளை என வெவ்வேறு இடங்களிற் பரந்து நிற்பின் ஓரிடத்திலேனும் வானம் தெளிந்திருக்கும். நாண்கள் பலவாதற்கும் அதுவே வழி.

கருவிகளைப் பொறுத்தவரை காலம் பெரிதும் மாறியுள்ளது. 1977ஆம் ஆண்டில் விண்மீன்களின் இடத்தைப் பற்றிய ஐயம் நிழலை ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பிறழச் செய்தது. 2013ஆம் ஆண்டின் இறுதியில் ஏவப்பட்ட கையா விண்கலம் நூறு கோடிக்கு மேற்பட்ட விண்மீன்களின் இடங்களை மிக நுண்ணிதாக அளந்து அட்டவணைப்படுத்தியமையால், சிறு பொருள்களின் நிழல் எந்த மாவட்டத்தின்மேற் செல்லும் என்று கூறுமளவுக்குக் கணிப்பு முன்னேறியுள்ளது. சரியான நேரத்தைச் செயற்கை உபகோள்களின் வழியாகப் பெறலாம். இருபது சதமமீற்றர் தொலைகாட்டியும் நுண்ணுணர்வுள்ள ஒளிப்படக் கருவியும் இருந்தால், ஒரு கல்லூரியின் வானியற் கழகமும் உலக ஆராய்ச்சிக்குப் பயன்படும் அவதானத்தைச் செய்யலாம். மொறட்டுவையிலே ஆதர் சி. கிளாக் நிறுவனத்தில் யப்பான் நாட்டார் உதவிய 45 சதமமீற்றர் தொலைகாட்டி உண்டு. அது தனியே நின்று காண்பது ஒரு நாண்; மலைநாட்டுக் கல்லூரிகளும் யாழ்ப்பாண, மட்டக்களப்புக் கல்லூரிகளும் உடன் நின்று நோக்குமாயின் நாண்கள் பலவாகும்.

நிழல் வருவதற்கு முன்னரே நேரங்காட்டியைச் சரிபார்த்தல், கணித்த நேரத்துக்கு நெடுநேரம் முன்னதாகவே பதிவைத் தொடங்குதல், நிகழ்ச்சி முடிந்ததென்று எண்ணியபின்னும் நிறுத்தாதிருத்தல், கண்டதைக் கண்டவாறே எழுதுதல், காணாததையும் காணவில்லையென்று எழுதுதல் ஆகியவை இத்துறையின் ஒழுக்கங்கள். தென்கடலின்மேற் பறந்தவர்கள் முக்கால் மணி முந்தியமையால் வளையங்களைக் கண்டனர். சவ்வாது மலையில் விழித்திருந்தவர்களின் சில செக்கன் பதிவு, அவர்கள் கருதிய உபகோள் இல்லையென்று ஆனபின்னும், எப்சிலன் வளையத்தின் ஒரு பகுதியை அளந்த சான்றாக இன்றும் நிற்கின்றது. அடுத்து மலைநாட்டைக் கடக்கும் நிழலுக்குக் கண்டி மாணவர்கள் செய்யத்தக்க ஆயத்தமும் இவ்வொழுக்கங்களைக் கைக்கொள்வதிலேயே தொடங்கும்.